உங்களுக்குத் தெரியுமா? மண்புழுவும் மண்டபக் கூரையும்

(இந்த முறை: இங்கிலாந்துக் கிராமங்கள்)

◆ மண்புழுவை மண்ணுக்கு மேலே வரவழைக்க ஓர் உலகச் சாம்பியன் போட்டி இருக்கிறது. செஷையர் மாவட்டத்தில் வில்லாஸ்டன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளித் திடலில் 1980-இல் ஆரம்பித்தது. போட்டியாளருக்கு மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் புல்தரை ஒதுக்குவார்கள். நேரம் அரை மணி. தோண்டக் கூடாது. தோட்டவேலைக்கான முட்கரண்டியைத் தரையில் குத்தி, ஆட்டி ஆட்டி அதிர்வு உண்டாக்குவதுதான் பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் வழி; வாத்தியம் வாசித்துப் பார்க்கிறவர்களும் உண்டு. தண்ணீர் ஊற்றலாமா? கூடாது. விதிகளின்படி தண்ணீர் ஓர் ஊக்கமருந்து! புழுவைத் தொட அருவருப்பாக இருந்தால், எடுத்துப் போட ஓர் உதவியாளை வைத்துக்கொள்ளலாம். 2009-இல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி 567 புழுக்களை எடுத்துச் சாதனை படைத்தாள். போட்டி முடிந்ததும் புழுக்களை உடனே விட்டுவிட மாட்டார்கள். பறவைகள் அடையும் வரை காத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகே மண்ணில் விடுவார்கள். இந்தக் கடைசி விதியை யோசித்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

◆ குழலில் பட்டாணியை வைத்து ஊதி இலக்கை அடிக்கும் உலகப் போட்டி, கேம்பிரிட்ஜ்ஷையரின் விட்சம் கிராமத்தில் 1971 முதல் நடந்துவருகிறது. ஆரம்பித்தவர் அந்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர். பட்டாணி ஊதும் பையனைப் பிடித்து மூலையில் நிறுத்த வேண்டியவரே போட்டி வைத்தால் எப்படி என்று கேட்காதீர்கள். ஊர் மண்டபத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. இப்போது சிலர் குழலில் லேசர் பொருத்திக்கொண்டு குறிபார்க்க வருகிறார்கள்.

இந்தக் கிராமங்களின் எந்தக் கிறுக்குத்தனத்தின் வாலைப் பிடித்து இழுத்தாலும், பெரும்பாலும் மறுமுனையில் ஒழுகும் கூரையோ பள்ளிக்கூடச் செலவோ ஒட்டிக்கொண்டு வரும்.

◆ அந்த மண்டபங்களைப் பற்றி. இங்கிலாந்தில் 10,000-க்கும் மேற்பட்ட ஊர் மண்டபங்கள் உண்டு. முதல் உலகப் போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் நினைவாக எழுந்தவை அவற்றில் கணிசம். சுவரில் அந்தப் பெயர்கள் பொறித்த பலகை இருக்கும். அதன் கீழேயே காலையில் குழந்தைகள் களிமண் பிசைவார்கள், மதியம் முதியோர் தேநீர் குடிப்பார்கள், மாலையில் யோகா, சனிக்கிழமை யாராவது ஒருவரின் பிறந்தநாள். நடத்துவது அரசு ஊழியர் அல்ல, சம்பளம் வாங்காத ஊர்க்காரர்களின் அறக்குழு. சாவி யாரிடம், நாற்காலியை அடுக்காமல் போனது எந்தக் குழு என்பவை இங்கே பெரிய அரசியல்.

◆ அந்த முதல் உலகப் போருக்குப் போனவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பி வந்த கிராமங்களும் சில உண்டு. ‘நன்றியுள்ள கிராமங்கள்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர் எழுத்தாளர் ஆர்தர் மீ, 1930-களில். கிளவுஸ்டர்ஷையரின் அப்பர் ஸ்லாட்டர் இரண்டு உலகப் போர்களிலும் ஒருவரைக்கூட இழக்கவில்லை.

◆ இங்கிலாந்துக் கிராமத்துப் பெண்களின் அடையாளமாகச் சொல்லப்படும் ‘விமன்ஸ் இன்ஸ்டிடியூட்’ என்ற சங்கம் இங்கிலாந்தில் பிறந்ததே அல்ல. கனடாவின் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் 1897-இல் தொடங்கியது. கடல் கடந்து வந்தபோதும் முதலில் கால் வைத்தது வேல்ஸில்தான், 1915-இல். இங்கிலாந்தின் முதல் கிளை அதே ஆண்டு நவம்பரில் சசெக்ஸின் சிங்கிள்டன் கிராமத்தில் கூடியது. போர்க்காலம், உணவுத் தட்டுப்பாடு, கிராமத்துப் பெண்கள் கூடினால் விளைச்சல் பெருகும் என்ற கணக்கு. அடுத்த உலகப் போரில் இந்தப் பெண்கள் வேறொன்று செய்தார்கள். தோட்டங்களில் அழுகப்போன பழங்களை அள்ளி, அரசு தனியாக ஒதுக்கிய சர்க்கரையில் ஜாம் காய்ச்சினார்கள். 1940-க்கும் 1945-க்கும் இடையில் இப்படிக் காப்பாற்றிய பழம் சுமார் 5,300 டன். ஊர் மண்டபங்களும் கொட்டகைகளும் வீட்டு அடுப்பங்கரைகளும்தான் தொழிற்சாலை.

‘ஜாம் காய்ச்சுகிற மாமிகள்’ என்று அதற்குப் பிறகு கேலி ஒட்டிக்கொண்டது. கேலி செய்தவர்கள் 2000 ஜூனில் லண்டன் வெம்பிளி அரங்கில், இந்தச் சங்கத்தின் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். பேச வந்த பிரதமர் டோனி பிளேர் கட்சி அரசியல் பேசுகிறார் என்று பட்டதும், கூடியிருந்த சுமார் 10,000 பெண்களில் பலர் மெதுவாக, சீராகக் கைதட்டத் தொடங்கினார்கள். அங்கே அது பாராட்டு அல்ல. ‘போதும், இறங்கு’ என்பதன் நாகரிக வடிவம். சிலர் எழுந்தே போய்விட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் யார்க்‌ஷையரின் ரில்ஸ்டோன் கிளைப் பெண்கள், உறுப்பினர் ஒருவரின் கணவர் புற்றுநோயில் இறந்ததையொட்டி, நாள்காட்டி ஒன்றுக்கு ஆடையின்றி நின்றார்கள். மறைக்க வேண்டியதை கேக்கும் பூச்சாடியும் ஜாம் பாத்திரமும் மறைத்தன. கொஞ்சம் பணம் சேர்ந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்குச் சேர்ந்தது பல மில்லியன் பவுண்டு. ‘கேலண்டர் கேர்ள்ஸ்’ (2003) படத்தின் கதை இவர்களுடையதுதான்.

◆ இரண்டாம் எலிசபெத் மகாராணியும் இந்தச் சங்கத்தின் ஒரு கிராமத்துக் கிளையில் உறுப்பினராக இருந்தவர். 1943-இல் இளவரசியாக இருந்தபோது சாண்ட்ரிங்ஹம் கிளையில் சேர்ந்தார்.

◆ கிராமத்தின் மிகச் சிறிய அரசாங்கம் பாரிஷ் கவுன்சில். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உருவாக்கியது. அதுவரை ஊர் விவகாரமெல்லாம் தேவாலயத்தின் கையில். புதிய கவுன்சிலுக்குப் பெண்களும் நிற்கலாம், வாக்களிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க அதே பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெஞ்சு, விளையாட்டுத் திடல், இடுகாடு, பேருந்து நிழற்குடை, காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள் என்பவை இதன் சாம்ராஜ்யம். வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து ‘பயிரிட நிலம் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால், கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும்.

இந்த நிழற்குடை அரசாங்கம் ஒருமுறை உலகப் புகழ் பெற்றது. 2020 டிசம்பரில் செஷையரின் ஹேண்ட்ஃபோர்த் கவுன்சில் ஜூம் வழியாகக் கூடியது. கூட்டத்தை நடத்தித்தர வந்தவர் ஜாக்கி வீவர். உனக்கு இங்கே அதிகாரமே இல்லை என்று தலைவர் கத்த, வீவர் சற்றும் பதறாமல் ஒரு பொத்தானை அழுத்தி அவரைக் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பினார். அடுத்து கத்தியவர்களுக்கும் அதே பொத்தான். 2021 பிப்ரவரியில் அந்தக் காணொளியைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். பெருந்தொற்றால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்டுக்கு, அது கிட்டத்தட்ட மருந்து.

◆ நெல்லிக்காய் போட்டி தெரியுமா? நம் நெல்லி அல்ல; கூஸ்பெரி. வடக்கு யார்க்‌ஷையரின் எக்டன் பிரிட்ஜில் 1800 முதல் ஆகஸ்ட் மாத முதல் செவ்வாயன்று காய்களைத் தராசில் நிறுக்கிறார்கள். 2019-இல் அங்கே நிறுத்த ஒரு காய் 64.83 கிராம்: உலகச் சாதனை. நடுத்தரக் கோழிமுட்டையைவிடக் கனம்.

◆ ஈஸ்டருக்கு மறுநாள், லெஸ்டர்ஷையரின் ஹாலட்டன் ஊருக்கும் பக்கத்து மெட்போர்னுக்கும் ‘பாட்டில் உதை’. பாட்டிலும் கிடையாது, பெரிதாக உதையும் கிடையாது. பாட்டில் என்பது சிறு மரப்பீப்பாய். மொத்தம் மூன்று, இரண்டில் பீர், ஒன்று வெறும் கட்டை. வயல், வேலி, சேறு எல்லாம் கடந்து அதைத் தம் பக்கத்து ஓடைக்குக் கொண்டுபோகும் ஊருக்கு ஒரு புள்ளி. மூன்றுக்கு இரண்டு எடுத்தால் வெற்றி. ஒரு அணியில் எத்தனை பேர் என்ற கணக்கில்லை. கண்ணைத் தோண்டாதே, கழுத்தை நெரிக்காதே, ஆயுதம் எடுக்காதே: விதிகள் தீர்ந்தன.

ஆட்டத்துக்கு முன்னால் முயல்கறி அடைத்துச் சுட்ட பெரிய பண்டத்தைத் தேவாலய வாசலில் வெட்டி, கூட்டத்தை நோக்கி வீசுவார்கள். 1790-இல் ஊர்ப் பாதிரியாருக்கு இது பொறுக்கவில்லை. புறச்சமய வழக்கம் என்று தடை போடப் பார்த்தார். மறுநாள் காலை அவர் வீட்டுச் சுவரில் எழுதியிருந்தது: பண்டம் இல்லையேல் பாதிரியும் இல்லை. பாதிரியார் பின்வாங்கினார்.

◆ எட்டு ஆள் உயரத்தில் தொங்கும் மணிகளைக் கயிறு பிடித்து இழுப்பதில் இருக்கிற கணக்கு கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியது. இங்கிலாந்துத் தேவாலய மணிகளில் பாட்டு வாசிப்பதில்லை, வரிசையை மாற்றுகிறார்கள். மூன்று மணி இருந்தால் ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். நான்கென்றால் 24. ஏழென்றால் 5,040. ஒரு வரிசைகூடத் திரும்ப வராமல் அந்த 5,040-ஐயும் அடித்து முடித்தால் அதற்கு ‘பீல்’ என்று பெயர். சுமார் மூன்று மணி நேரம் பிடிக்கும். கையில் காகிதம் கிடையாது, எல்லாம் மனப்பாடம். எட்டு மணிகள் இருந்தால் 40,320 வரிசை. இடையில் ஆள் மாற்றாமல் மனிதர்கள் இதைக் கோபுரத்தில் அடித்து முடித்தது ஒரே ஒரு தடவை: 1963-இல், லாஃபரோவில், எட்டுப் பேர், ஏறத்தாழ 18 மணி நேரம். நடுவே ஓய்வும் இல்லை. மற்ற இயற்கைத் தேவைகளை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்க எனக்கும் ஆசைதான்.

ஊர்தோறும் இந்த மணிக்காரர்களுக்கு வாரம் ஒரு மாலை பயிற்சி. பக்தி கட்டாயமில்லை. பயிற்சிக்குப் பிறகு பப் ஏறக்குறைய கட்டாயம். 1940 ஜூனில் இந்த மணிகள் எல்லாம் ஒரே நாளில் வாய்மூடின. எதிரி வந்து இறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று உத்தரவு. 1942 நவம்பரில் எல் அலமைன் போரில் கிடைத்த வெற்றிக்குத்தான் மறுபடி ஒலித்தன.

◆ போர்டன்-ஆன்-த-வாட்டர் என்ற ஊரில் ஆகஸ்ட் விடுமுறைத் திங்களன்று கால்பந்து ஆட்டம். திடலில் அல்ல, ஊர் நடுவே ஓடும் விண்ட்ரஷ் ஆற்றுக்குள். அணிக்கு ஆறு பேர். கரையில் நிற்பவர்களும் நனைவார்கள்.

◆ ஸ்டாஃபர்ட்ஷையரின் அபட்ஸ் பிராம்லியில் செப்டம்பர்த் திங்கள் ஒன்றில், ஆறு பேர் ஆறு பெரிய மான்கொம்புகளைத் தோளில் சாய்த்து ஏந்தி, ஊரையும் பண்ணைகளையும் நாளெல்லாம் சுற்றி ஆடுவார்கள். கொம்புகள் ஆண்டு முழுவதும் தேவாலயச் சுவரில் மாட்டியிருக்கும். கரிமச் சோதனை செய்ததில் அவை 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அவை பனிப்பிரதேசத்து ரெயின்டீரின் கொம்புகள் என்பதுதான் வேடிக்கை. அந்த மான் அப்போது இங்கிலாந்தில் இல்லவே இல்லை. எங்கிருந்தோ, யாரோ, எதற்கோ கொண்டுவந்திருக்கிறார்கள்.

◆ குதிரைச் செஸ்நட் கொட்டையை நூலில் கோத்து, எதிராளியின் கொட்டையை அடித்து உடைக்கும் பையன்கள் விளையாட்டு ‘காங்கர்ஸ்’. அதன் உலகப் போட்டி 1965-இல் நார்த்தாம்ப்டன்ஷையரின் ஆஷ்டனில் பிறந்ததற்குக் காரணம் மோசமான வானிலை: மீன்பிடிக்கக் கிளம்பிய நண்பர்கள் போக முடியாமல் பப்பில் உட்கார்ந்து கொட்டை அடித்தார்கள், பார்வையற்றோர் நலனுக்குக் கொஞ்சம் காசும் திரட்டினார்கள். 2024-இல் ஆண்கள் பிரிவில் வென்ற 82 வயதுக்காரரின் பையில் எஃகால் செய்து வண்ணம் பூசிய கொட்டை ஒன்று கிடந்தது. வேடிக்கைக்கு வைத்திருந்தேன் என்றார். விசாரணை நடந்தது, ஏமாற்றவில்லை என்று முடிவானது. ஒட்டுமொத்தப் பட்டத்தை அவர் எப்படியும் ஒரு பெண்ணிடம் பறிகொடுத்திருந்தார். அந்தப் பட்டத்தைப் பெண் வென்றது அதுவே முதல் தடவை.

◆ ஊரின் ஒரே பப் மூடப்போகிறது என்றால்? கம்பிரியாவின் ஹெஸ்கட் நியூமார்க்கெட்டில் ‘ஓல்ட் கிரவுன்’ பப்பை 2003-இல் ஊர்க்காரர்களும் வாடிக்கையாளர்களும் கூட்டுறவாகப் பணம் போட்டு வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் கூட்டுறவு முறையில் வாங்கிய முதல் பப் என்று அதைச் சொல்கிறார்கள். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வழி இன்னும் எளிது: ஊருக்கு மதிப்புள்ள சொத்து என்று பதிவான கடையையோ பப்பையோ விற்பனைக்கு வைத்தால், விலைக்குக் கேட்கப் பணம் திரட்ட ஊருக்கு அது ஆறு மாத அவகாசம் தந்தது. ஊருக்கே விற்றாக வேண்டும் என்று உரிமையாளரை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதில் உள்ள ஓட்டை.

◆ சிவப்புத் தொலைபேசிக் கூண்டை ஒரு பவுண்டுக்கு வாங்கலாம். தனி ஆளுக்கு அல்ல, பாரிஷ் கவுன்சில் மாதிரி ஊர் அமைப்புகளுக்கு. கைப்பேசி வந்து கூண்டுகள் காலியானதும் பிரிட்டிஷ் டெலிகாம் 2008-இல் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான கூண்டுகள் இப்படிக் கைமாறிவிட்டன. பலவற்றில் இப்போது மாரடைப்புக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி இருக்கிறது. சாமர்செட்டின் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப்பில், வந்துகொண்டிருந்த நூலக வண்டி நின்றுபோனது. தேநீர் விருந்து ஒன்றில் யாருக்கோ யோசனை உதித்தது. கூண்டுக்குள் நான்கு பலகை அடித்து நூறு புத்தகங்களை அடுக்கினார்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். நூலகர் கிடையாது, பூட்டு கிடையாது, ராத்திரி முழுக்க உள்ளே விளக்கு எரியும்.