வீடு போனது, வேதம் போகவில்லை
சீத்தா கேம்ப் தமிழ்க் கிறிஸ்தவர்களின் விசுவாச வரலாறு

மான்கூர்டு ஸ்டேஷனில் இறங்கி டிராம்பே பஸ்ஸில் ஏறினால், வழியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நீண்ட மதில் கண்ணில் படும். அதைத் தாண்டி, கழிமுகத்தின் ஓரமாகப் போனால் சீத்தா கேம்ப் வந்து விடும்.

நெருக்கமான வீடுகள். ஒரு சந்தில் பாங்கு ஒலிக்கும். அடுத்த சந்தில் அம்மன் கோயில் மணி கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு சந்தில், தலையில் முக்காடிட்ட பெண்கள் கையில் வேதப்புத்தகத்தோடு ஆராதனைக்குப் போய்க் கொண்டிருப்பார்கள். அவர்கள் பேசிக்கொண்டு போவது சுத்தமான திருநெல்வேலித் தமிழ்.

சீத்தா கேம்ப் தானாக வளர்ந்த ஊர் அல்ல. ஒரே அடியில் வீடு இழந்த மக்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம். இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றிக் கொண்டார்கள் என்பதை அறிய வேண்டுமானால், அந்தக் கதையை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஜனதா காலனி

இப்போது அணு ஆராய்ச்சி மையம் இருக்கும் பகுதியை ஒட்டி ஒரு காலத்தில் ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. பம்பாய் நகரின் மற்றப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை மாநகராட்சியே அங்கு குடியேற்றியது. அப்போது அது காடும் மேடுமாகக் கிடந்த இடம். மக்கள்தான் அதை ஊராக்கினார்கள்.

தமிழர்கள் பெருந்தொகையாக அங்கே வாழ்ந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள், கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே குழாயடியில் வரிசை நின்றார்கள். அன்று ஹார்பர் லயனின் கடைசி ஸ்டேஷன் மான்கூர்டு. அதற்கு அப்பால் ரயில் இல்லை. வாஷிக்கு ரயில் போனது 1992-ம் ஆண்டில்தான்.

கோலார் தங்கவயலில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜோக்கின் அற்புதம் என்ற வாலிபர், 1960-களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி பம்பாய் வந்து ஜனதா காலனியில் தங்கினார். தச்சு வேலை செய்தார். தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

காலனியில் குப்பை மலைபோல் குவிந்து கிடந்தது. மாநகராட்சி அள்ளவில்லை. ஜோக்கின் ஒரு யோசனை செய்தார். சுமார் 3,000 பிள்ளைகளை உல்லாசப் பயணம் போவது போலத் திரட்டி, ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைக் கையில் கொடுத்து, மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்ட வைத்தார். அதன் பிறகு குப்பை வண்டி வந்தது. இந்தச் சம்பவத்தை அவர் வயதான காலத்திலும் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம்.

1976 மே மாதம்

பிறகு பெரிய சோதனை வந்தது. காலனி இருக்கும் நிலம் அணு ஆராய்ச்சி மையத்துக்கு வேண்டும் என்றார்கள். மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜோக்கின் டில்லிக்குப் போய் நாடாளுமன்றத்தின் முன் உட்கார்ந்தார். பிரதமர் இந்திரா காந்தியிடமே முறையிட்டார். போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. அவர் கைது செய்யப்பட்டதும் விடுதலையானதும் பலமுறை.

1975 ஜூன் 25-ந்தேதி நெருக்கடி நிலை வந்தது. அதற்குப் பின் கூட்டம் போட வழியில்லை. குரல் கொடுக்க இடமில்லை. 1976 மே மாதம் போலீஸ் படை சூழ நிற்க, ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் வீடிழந்தார்கள்.

அவர்களைக் கொண்டுவந்து விட்ட இடம்தான் சீத்தா கேம்ப். கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். குடும்பத்துக்கு ஒரு சிறிய மனை. கூரையும் சுவரும் அவரவர் பொறுப்பு. அடுத்த சில வாரங்களில் பம்பாய் மழை.

அந்த நாளில் ஒவ்வொரு குடும்பமும் என்னென்ன எடுத்துக்கொண்டு வந்திருக்கும்? தகரம், மூங்கில், ஸ்டவ், குடம், ரேஷன் கார்டு. கிறிஸ்தவக் குடும்பமானால், துணியில் சுற்றிய வேதப்புத்தகமும் சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் படமும் அந்தச் சாமான்களோடு வராமல் இருந்திருக்காது.

'கடவுள் இருந்தால் இப்படி நடக்குமா?' என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன இஸ்ரவேலர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுததை வேதத்தில் வாசித்தவர்களுக்கு, கழிமுகச் சேற்றில் நின்றபோது அந்த அதிகாரம் புதிதாகவே விளங்கியிருக்கும்.

முதலூர் சொல்லும் பாடம்

திருநெல்வேலிக் கிறிஸ்தவனுக்கு வீடு இழந்து வேறு இடம் தேடிப் போவது புதிதல்ல.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் சாத்தான்குளம் வட்டாரத்தில் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவர்கள் பெரும் துன்பத்துக்கு ஆளானார்கள். ஜெபக்கூடங்கள் அழிக்கப்பட்டன. சொந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அப்போது அவர்களில் ஒருவரான தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், நிலம் வாங்கி, துன்பப்பட்டவர்களை அங்கே குடியேற்றினார். அது 1799-ம் ஆண்டு. புதிய விசுவாசிகளுக்கென்று ஏற்பட்ட முதல் ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர் வந்தது.

இன்று முதலூர் என்றதும் பலருக்கு மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வரும். அந்த ஊரே அகதிகளாக வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் என்பது பலருக்குத் தெரியாது. ஊர் விட்டுத் துரத்தப்பட்டவர்கள் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. போன இடத்தில் முதலில் ஜெபிக்க ஒரு இடம் பார்த்துக் கொண்டார்கள். பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தார்கள்.

சீத்தா கேம்ப்பிலும் அதே வழிதான். கோயில் இல்லை என்றால் ஒரு வீட்டு வாசல். போதகர் இல்லை என்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவர். விளக்கு இல்லை என்றால் அரிக்கேன். திருநெல்வேலிக் கிராமங்களில் உபதேசியார் காலத்திலிருந்து பழகிய முறை அது.

குடும்பஸ்தர் ஒருவர்

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு முன்மாதிரி உண்டு. குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அதனால் உத்தியோகம் போனது. கைது செய்யப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14-ந்தேதி ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2022 மே 15-ந்தேதி போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். தேவசகாயம் சாமியார் அல்ல, துறவி அல்ல. மனைவியும் உத்தியோகமும் உள்ள சாதாரணக் குடும்பஸ்தர். ஆபீசுக்கும் ஆலைக்கும் போய் வரும் மும்பைத் தமிழனுக்கு அவர் நெருக்கமானவராகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

விண்ணப்பத்தில் வரும் சோதனை

சுட்டுக் கொல்லும் காலம் போய்விட்டது. ஆனால் சோதனை போகவில்லை. அது இன்று விண்ணப்பப் படிவத்தில் வருகிறது.

1950-ம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி, இந்துக்கள் மட்டுமே அட்டவணை சாதியினராகக் கருதப்பட்டனர். 1956-ல் சீக்கியரும், 1990-ல் பவுத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. மதம் மாறியதால் சேரியும் மாறவில்லை, கூலியும் மாறவில்லை. சலுகை மட்டும் போய்விட்டது என்பது தலித் கிறிஸ்தவர்களின் நீண்டநாள் குறை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

வெளிமாநிலத் தமிழருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மாநிலத்தின் அட்டவணைச் சாதிச் சலுகையை, குடிபெயர்ந்துபோன இன்னொரு மாநிலத்தில் கேட்க முடியாது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்புக் கூறியது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, மும்பை மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்ட வழக்கு அது. மத்திய அரசு வேலைக்கு மட்டும் சொந்த மாநிலத்துச் சான்றிதழ் செல்லும்.

ரயில்வே, தபால், வங்கி வேலைக்கு மனுப் போடும் தலித் கிறிஸ்தவ வாலிபனின் மனப்போராட்டம் இங்கேதான் ஆரம்பமாகிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்கிறவர்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்வது எளிது. தங்கையின் கல்யாணமும் தகப்பனின் வைத்தியமும் அந்த ஒரு வேலையை நம்பி இருக்கும்போது, பேனாவைப் பிடித்த கை நடுங்கத்தான் செய்யும்.

'மதம்' என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்றே எழுதிவிட்டு, பொதுப்பிரிவில் போட்டி போட்டுத் தோற்றவர்களும் உண்டு. தியாகம் என்று அதை யாரும் எழுதி வைப்பதில்லை. பத்திரிகையில் படமும் வருவதில்லை.

2022 அக்டோபரில் இதுபற்றி ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஒரு கமிஷன் அமைத்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில், கிறிஸ்தவ விசுவாசத்தைக் கைக்கொண்டபடியே சலுகைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோர முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே முடிவு இன்னும் அவரவர் மனசாட்சியிடமே விடப்பட்டிருக்கிறது.

கோயில் கதவு மூடியபோது

2005 ஜூலை 26-ந்தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மும்பையின் தாழ்வான பகுதிகள் எல்லாம் தண்ணீரில் நின்றன. அதையும் சமாளித்தார்கள்.

2020-ல் வந்த கொரோனா வேறு விதமான சோதனை. மார்ச் 25-ந்தேதி ஊரடங்கு. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. மகாராஷ்டிராவில் நவம்பர் 16-ந்தேதிதான் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. மாகிம் மாதா கோயிலில் 1948 முதல் நடந்து வரும் புதன்கிழமை நவநாளுக்குத் தவறாமல் போனவர்கள்கூட வீட்டில் அடைபட்டார்கள். வேலையும் இல்லை. பல குடும்பங்கள் மே மாதம் சிறப்பு ரயில்களில் ஊருக்குப் புறப்பட்டன.

அந்த மாதங்களில் கைகொடுத்தது எது? பழைய குடும்ப ஜெபம்தான். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, ஒரே அறையில் அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் பாயில் உட்கார்ந்து, ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், ஒரு ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை. இதற்குக் கட்டடம் வேண்டாம், அனுமதி வேண்டாம். முதலூர்க்காரர்களும் ஜனதா காலனிக்காரர்களும் இதை வைத்துக் கொண்டுதான் பிழைத்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். தனியாக நின்று யாரும் விசுவாசத்தைக் காப்பாற்றியதில்லை. வேலை போனவன் வெட்கப்பட்டு சபைக்கு வருவதை நிறுத்திக் கொள்கிறான். குடியில் விழுந்தவன் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறான். இரண்டு ஞாயிறு காணாதவனின் கதவை மூன்றாவது வாரம் போய்த் தட்டுகிற ஆள் இருக்கும் சபையில் இது நடப்பதில்லை. ஒரு படி அரிசியோடு போய், 'என்ன தம்பி, ஆளையே காணோம்?' என்று கேட்டால் போதும். பெரிய பிரசங்கம் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

மதிலுக்கு அப்பால்

ஜோக்கின் அற்புதத்தை யாரும் மதத் தலைவர் என்று சொன்னதில்லை. அவர் சேர்த்த கூட்டத்தில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். தேசிய குடிசைவாழ்வோர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். பல நாடுகளின் ஏழைகளை ஒன்றுசேர்த்தார். 2000-ம் ஆண்டு மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2018 அக்டோபரில் காலமானார். ஜனதா காலனியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தத் தோல்வியில் கற்றதைக் கொண்டு எத்தனையோ குடிசைப் பகுதிகள் பேசக் கற்றுக்கொண்டன.

இன்று சீத்தா கேம்ப்பில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், பெந்தெகொஸ்தே சபையார் என்று பலரும் இருக்கிறார்கள். சேற்றில் நட்ட மூங்கில் இருந்த இடத்தில் சிமெண்டுச் சுவர் எழுந்திருக்கிறது. 1976-ல் தாயின் இடுப்பில் வந்த குழந்தைகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. துணியில் சுற்றி வந்த அந்த வேதப்புத்தகம் அலமாரியில் இருக்கிறது. மாலை ஜெபத்தில் ஓர் அதிகாரத்தைப் பாட்டி வாசிக்க, பிள்ளையும் கூடவே விரல்வைத்து வாசித்தால், மொழியும் விசுவாசமும் ஒரே நேரத்தில் கைமாறிவிடும். தினமும் பத்து நிமிடம் போதும்.