கொள்திறன் குறையும் முன்பே பேட்டரியின் ஆயுளைக் கணிக்கும் இயந்திரக் கற்றல்: செயல்படுவது எப்படி?

புதுடெல்லி: மின்சார வாகனத்தின் விலையில் கணிசமான பங்கு அதன் பேட்டரிக்கு உரியது. ஆனால், பயன்படுத்திய வாகனத்தை வாங்கும் ஒருவரால், அந்த பேட்டரி இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. இச்சிக்கலுக்குத் தீர்வு காண இயந்திரக் கற்றல் தொழில்நுட்பம் பயன்படுத்தப்படுகிறது.

தேய்மானம் ஏற்படுவது ஏன்?

லித்தியம் அயனி பேட்டரியில் மின்னேற்றம் நடைபெறும்போது, லித்தியம் அயனிகள் கிராஃபைட்டாலான எதிர்மின்வாய்க்குள் நுழைகின்றன. பயன்பாட்டின்போது அவை நேர்மின்வாய்க்குத் திரும்புகின்றன. இந்தச் சுழற்சி தொடரும்போது, கிராஃபைட்டின் மேற்பரப்பில் வளரும் மெல்லிய படலத்தில் சிறிதளவு லித்தியம் சிக்கிப் பயனற்றுப் போகிறது. வெப்பம் இப்படலத்தின் வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. குளிர்ந்த நிலையில் அதிவேகமாக மின்னேற்றினால், லித்தியம் உலோகமாகவே படிந்துவிடக்கூடும்.

கொள்திறன் தொடக்க அளவில் 80 சதவீதமாகக் குறையும்போது, பேட்டரியின் வாகனப் பயன்பாட்டுக்கான ஆயுள் முடிந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், உள்ளே சேதம் தொடங்கிய பின்னரும் கொள்திறன் நீண்ட காலம் சீராக இருந்து, பின்னர் வேகமாகச் சரியக்கூடும்.

124 மின்கலங்களில் ஆய்வு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், டொயோட்டா ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள், 124 லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்களை வெவ்வேறு வேகங்களில் மின்னேற்றிச் சோதித்தனர். அவற்றின் ஆயுள் 150 முதல் 2,300 சுழற்சிகள் வரை வேறுபட்டது.

10-ஆவது, 100-ஆவது சுழற்சிகளில், எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு மின்னூட்டம் வெளியேறியது என்பதை அவர்கள் ஒப்பிட்டனர். மொத்தக் கொள்திறன் ஏறத்தாழ மாறாதபோதும், மின்னூட்டம் வெளியேறிய விதத்தில் நுண்ணிய வேறுபாடு தென்பட்டது. அதைக் கொண்டு, முதல் 100 சுழற்சிகளின் தரவுகளிலிருந்தே மொத்த ஆயுளை 9.1 சதவீதப் பிழையுடன் கணினி கணித்தது. 2019-ஆம் ஆண்டு 'நேச்சர் எனர்ஜி' ஆய்விதழில் இம்முடிவுகள் வெளியாயின.

இம்முறையைப் பயன்படுத்தி, 224 அதிவேக மின்னேற்ற முறைகளில் சிறந்தவற்றை 16 நாட்களில் கண்டறிந்ததாக 2020-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். எல்லாவற்றையும் முழுமையாகச் சோதித்திருந்தால் 500 நாட்களுக்கு மேல் ஆகியிருக்கும்.

இந்தியச் சூழலில் சவால்

எனினும், 2019-ஆம் ஆண்டு ஆய்வு 30 டிகிரி செல்சியஸில் பராமரிக்கப்பட்ட ஆய்வக அறையில், ஒரே வகை மின்கலங்களைக் கொண்டு நடத்தப்பட்டது. இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களோ கடும் கோடை வெயிலையும், ஒழுங்கற்ற மின்னேற்றப் பழக்கங்களையும் எதிர்கொள்கின்றன. ஒரு வகை மின்கலத்தில் கற்ற கணினி, நிக்கல் கலந்த வேறு வகையில் தவறாகக் கணிக்கக்கூடும். எனவே, உள்நாட்டு வாகனங்களில் பதிவாகும் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகிய தரவுகள் இன்றியமையாதவை.

கழிவு பேட்டரிகளைச் சேகரித்து, மறுசுழற்சி அல்லது புதுப்பித்தல் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு வழங்கும் விதிகளை மத்திய அரசு 2022 ஆகஸ்ட் மாதம் அறிவித்தது. வாகனத்திலிருந்து கழற்றப்பட்ட பேட்டரியை உடைத்து உலோகங்களைப் பிரிப்பதா, சூரிய மின்சக்தியைச் சேமிக்க மீண்டும் பயன்படுத்துவதா என்பதை முடிவு செய்ய, அதன் எஞ்சிய ஆயுளைச் சரியாக அறிவது அவசியமாகிறது.