யாழுக்கு இட்ட பொற்பலகை



வைகாசி விசாகத் தேர்த் திருவிழாவில் திருச்செங்கோட்டு மலையினின்று அம்மையப்பர் இறங்கி வந்து ஊர் நடுவே எழுந்தருளுகின்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறமாட்டாத முதியோரும் நோயுற்றோரும் அன்று தம் வீட்டு வாயிலில் நின்றபடியே பெருமானைக் கண்குளிரக் காண்கின்றனர். நாகசுரம் முன்னே செல்ல, ஓதுவார் திருமுறை பாடிப் பின்னே வர, தேர் அசைந்து வருகின்றது. இந்த இன்னிசை இறைவன் திருமுன் எவ்வாறு இடம் பெற்றது? அதை ஏந்தி வந்தவர் எங்கே நின்றார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தருவது திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனாரின் வரலாறு. அறுபத்து மூவருள் ஒருவராகிய அவர் இந்தச் செங்கோட்டு மண்ணையும் மிதித்தவர் என்பதால், நாம் அவரைச் சிந்திப்பதற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை.

சங்க காலத்தில் பாணர் மன்னர் அவையில் மதிப்புடன் இருந்தவர். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என இரு பாட்டுகள் அவர்தம் பெயராலேயே வழங்குகின்றன. பிற்காலத்தே அந்த மதிப்பு தேய்ந்தது. இசை உயர்வாகவே இருந்தது, இசைத்தவன் தாழ்த்தப்பட்டான். யாழின் ஒலி கோயிலுக்குள் போகலாம், யாழை ஏந்திய கை போகலாகாது என்னும் விந்தையான வழக்கம் நாட்டில் வேரூன்றியது. அந்தக் காலத்தில் நடுநாட்டுத் திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றியவர் நம் நாயனார். அவர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் சிவத்தலங்கள் தோறும் சென்று, இறைவன் புகழை யாழில் இட்டு இசைத்து வந்தார்.

மதுரைக்கு வந்தபோதும் அவர் திருவாலவாய்க் கோயிலின் வாயிலிலேயே நின்றார். எவரிடமும் வாதிடவில்லை, திரும்பிப் போய்விடவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே யாழை மீட்டினார். அன்றிரவு ஆலவாய் அண்ணல் அடியார்களின் கனவில் தோன்றி ஆணையிட, மறுநாள் அவர்கள் பாணரைத் தம் கைகளாலேயே திருமுன் அழைத்துச் சென்றனர் என்று சேக்கிழார் பெருமான் அருளுகின்றார். பாணர் தரையில் அமர்ந்து யாழ் வாசித்தார். அப்போது வானில் ஒரு வாக்கு எழுந்தது: தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், ஆகவே பொற்பலகை இடுக என்பது அதன் கருத்து. அடியார்கள் அவ்வாறே பலகை இட்டனர்.

இவ்விடத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இறைவன் பாணரின் குலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் தகுதியுடையவரா என்று ஆராயவும் இல்லை. நரம்பு நனையுமே என்று மட்டுமே கவலைப்பட்டான். ஒரு கலைஞனின் கருவிக்கு வரும் கேட்டை உணர்ந்து அவனுக்கு இருக்கை தருவதைக் காட்டிலும் பெரிய மதிப்பு ஏது? ஊரார் குலம் பார்த்த இடத்தில் பெருமான் நரம்பைப் பார்த்தான்.

பின்னர்த் திருவாரூர். அங்கும் பாணர் வாயிலில் நின்று இசைத்தார். தியாகேசப் பெருமான் வடதிசையில் வேறொரு வாயிலை அமைத்துத் தர, அதன் வழியே புகுந்து திருமூலட்டானத்தை வழிபட்டார். இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் சிலர், ‘பார்த்தீரா, இறைவனே அவருக்குத் தனி வழிதானே வைத்தான்!’ என்பதுண்டு. அது பொருந்தாது. வீட்டுக்காரர் கதவைத் திறக்க மறுத்தால், உள்ளே இருக்கும் தாய் பின்கட்டு வழியாகவேனும் தன் பிள்ளையை அழைத்துக்கொள்வாள். அது தாயின் அன்புக்குச் சான்று. கதவை அடைத்தவர்க்குச் சான்றாகாது. புது வாயில் திறந்தது இறைவனின் கருணை. இருந்த வாயிலைத் திறவாதது நம்மவரின் குறை.

அதன்பின் பாணர் சீகாழிக்குச் சென்று திருஞானசம்பந்தரைக் கண்டார். வேதியர் குலத்துப் பிள்ளையார் பாணரை உடன் அழைத்துச் சென்று தோணியப்பரை வணங்கச் செய்தார். தாம் பாடும் பதிகங்களை யாழில் இட்டு உடனிருக்க வேண்டும் என்ற பாணரின் வேண்டுகோளையும் ஏற்றார். அன்று முதல் பாட்டும் யாழும் பிரியவில்லை.

அந்தக் கூட்டத்தோடுதான் பாணர் நம் கொங்கு நாட்டுக்கு வந்தார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோடு தேவாரத்தில் திருக்கொடிமாடச் செங்குன்றூர் என்று வழங்குவது. சம்பந்தர் இங்குத் தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. இந்த நாட்டின் இயல்பு இது என்று அவர்கள் கூறக் கேட்ட பிள்ளையார், திருநீலகண்டப் பதிகம் பாடினார். சுரம் அடியார்களை விட்டதோடு இந்த நாட்டை விட்டே அகன்றது என்பர். அப்பதிகத்தில் அவர் வேண்டியது தமக்காக மட்டும் அன்று. ‘எம்மை’ என்று பன்மையிலேயே வேண்டினார். அந்த ‘எம்’முள் வேதியர் இருந்தனர், வேளாளர் இருந்தனர், யாழேந்திய பாணரும் அவர் மனைவியாரும் இருந்தனர். நோய் குலம் பார்த்துப் பற்றவில்லை. அருளும் குலம் பார்த்து வரவில்லை.

இன்னும் ஒன்று. ‘தீண்டுதல்’ என்னும் சொல்லை மனிதர்மேல் ஏற்றி எத்தனை தலைமுறைகள் கொடுமை புரிந்தோம்! இந்த மலையடியில் பாடிய பதிகத்தில் பிள்ளையார் அச்சொல்லை வைத்தது வினையின் மேல். நம்மைத் தீண்டலாகாதது தீவினையே, மனிதன் அல்லன். திருச்செங்கோட்டு அன்பர் ஒவ்வொருவரும் இதனை மனத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

பாணர் பெருமை அறிந்தவரே அன்றிச் செருக்கு அறிந்தவர் அல்லர். அவர் தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்தில் உறவினர், ‘நீர் யாழில் இட்டு வாசிப்பதால்தான் பதிகத்தின் இசை உலகில் பரவுகின்றது’ என்று புகழ்ந்தனர். பாணர் அதுகேட்டு நடுங்கினார். யாழில் அடங்காத இசையொன்றைப் பாடி உண்மையை உணர்த்துமாறு பிள்ளையாரையே வேண்ட, அவர் பாடியதே யாழ்மூரிப் பதிகம். அதை யாழில் இட முயன்று இயலாத பாணர், கருவியை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து வாங்கி, ‘இறைவன் இசையைக் கருவியில் இயன்ற அளவே வாசிப்பீராக’ என்னும் கருத்துப்பட ஆற்றி, யாழை மீண்டும் அவர் கையில் தந்தார். உயர்ந்தவர் எனப்பட்டவர் செய்ய வேண்டிய கடமை இதுவே: பிறர் கையிலிருந்து கருவியைப் பறித்தல் அன்று; தளர்ந்து கைவிட நினைப்பவரிடம் அதை மீட்டுக் கொடுத்தல்.

திருச்சாத்தமங்கையில் நடந்தது இதனினும் பெரிது. அங்குத் திருநீலநக்க நாயனார் என்னும் வேதியரின் மனையில் சம்பந்தர் தங்கினார். பாணருக்கும் அவர் துணைவியார்க்கும் இரவு தங்க இடம் தருமாறு கேட்டார். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை. தோட்டத்தைக் காட்டவில்லை. மனையின் நடுவே, தாம் வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் அருகிலேயே இடம் தந்தார். அணையாத அந்தத் தீ வலமாகச் சுழித்து முன்னினும் ஒளிவிட்டு எழுந்தது என்கிறது பெரிய புராணம். தீட்டு என்று மனிதர் எண்ணியதைத் தீக்கடவுள் தீட்டாகக் கொள்ளவில்லை. முடிவில் நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் புகுந்த சோதியிலேயே பாணரும் மதங்கசூளாமணியாரும் புகுந்தனர். அந்தச் சோதிக்கு ஒரு வாயிலே இருந்தது.

பாணர் குலத்தின் தொண்டு அத்துடன் நிற்கவில்லை. நம்பியாண்டார் நம்பி தேவாரத்தைத் தொகுத்தபின் அதற்குரிய பண்முறை அறியாது திகைத்தபோது, எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே பண் வகுத்துத் தந்தாள் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். நம் கோயில்களில் ஓதுவார் வாய்திறந்து பண்ணோடு பாடும்போதெல்லாம், வாயிலில் நிறுத்தப்பட்ட ஒரு குலத்தின் கொடையையே நாம் செவியால் உண்கின்றோம். அதனை மறந்து அக்குலம் போன்றாரை விலக்குவது உண்ட சோற்றை மறப்பதாகும்.

பாணர் யாழால் செய்ததைப் பிற்காலத்தில் பாட்டால் செய்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 19ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், பெரிய புராணத்தில் இல்லாத ஆண்டையாகிய வேதியரைப் படைத்தார். சிதம்பரம் போக விடை தராது அதட்டும் அந்த வேதியரே இறுதியில் நந்தனாரின் பெருமை உணர்ந்து பணிகின்றார். புராணத்தை மாற்றியதை அக்காலப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எளிதில் ஏற்கவில்லை. ஆயினும் அந்தக் கீர்த்தனங்கள் ஊரெங்கும் பரவி, கேட்டோர் கண்ணில் நீரை வருவித்தன. அதட்டியவரைக் கண்டு நாணுவதற்குப் பாட்டு கற்பித்தது. நம் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் 1935இல் திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடினார். பெண் ஒருவர் ஆண் வேடம் தாங்கி, ஒதுக்கப்பட்ட ஓர் அடியாரின் ஏக்கத்தைத் தம் குரலில் ஏற்றதும் நம் கொங்கு மண்ணின் பேறே.

இவ்வாறு பாட்டு நெஞ்சை உழுத நிலத்தில்தான் சட்டமும் விளைந்தது. இராசாசி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, தீண்டாமை ஒழிப்பை அதன் தலையாய பணிகளுள் ஒன்றாக வைத்தார். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் செல்ல, ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். பாணர் நின்ற அதே ஆலவாய் அது! கனவில் இட்ட ஆணையை ஊரறிய நிறைவேற்றுவதற்கு நமக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டமும், 1950இல் தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டமும் வந்தன.

சட்டம் கதவைத் திறக்கும், பலகை இடாது. கோயிலில் இசைப்போர்க்கு நாம் இருக்கை தருகின்றோமா? தேரின் முன் நாள்முழுதும் மேளம் கொட்டியவர் பந்தியில் எங்கே அமர்கின்றார்? நம் சிற்றூர்க் கோயில்களில் தேர் வடத்தைத் தொட எல்லாக் கைகளுக்கும் இடம் உண்டா? திருவிழாத் தேர் எல்லாத் தெருவுக்கும் போகின்றதா? இவற்றை நாம் பிறரைக் கேட்பதற்கு முன் நம்மையே கேட்டுக்கொள்ளல் தகும்.

இங்கே எழுந்தருளியிருக்கும் இறைவன் ஒருபாதி பெண்ணானவன். ‘என் உடலிலேயே பாதி தந்தேன், உன் வாயிலில் ஓரடி இடம் தர உனக்கு என்ன தடை?’ என்று அத்திருமேனி நம்மை வினவுவது போலவே தோன்றுகின்றது. இந்த மலையின் அறுபதாம்படியில் நின்று பொய் சொல்ல அஞ்சுவது இப்பகுதியின் பழைய வழக்கம். இவ்வாண்டு மலையேறும் நாம் அந்தப் படியில் சற்றே நின்று, எவரையும் வாயிலில் நிறுத்துவதில்லை என்று ஒரு சொல் கொடுத்து மேலே ஏறுவோமாக. பாணருக்குப் பலகை இட்டது பொன்னால். நாம் இட வேண்டியது நெஞ்சால்.

திருச்சிற்றம்பலம்.