மொட்டைமாடியில் வானொலி நிலையம்: ஹாம் ரேடியோ சந்தேகங்களும் விளக்கங்களும்

மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டினால் வண்டி வரியிலிருந்து கடைப் பலகை எழுத்து வரை எல்லாம் மாறிவிடும். ரேடியோ அலை மட்டும் அங்கே நிற்பதில்லை. தனிநபர்கள் உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் ஹாம் ரேடியோவில் இறங்க நினைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எழக்கூடிய சந்தேகங்கள் சில:

உரிமம் தமிழ்நாட்டிலா, கர்நாடகத்திலா?

இரண்டு மாநில அரசுக்கும் இதில் வேலையில்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவுதான் உரிமம் தருகிறது. ‘சரள் சஞ்சார்’ இணையதளத்தில் விண்ணப்பித்து பெங்களூரிலேயே தேர்வு எழுதலாம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். வயது 12 ஆகியிருந்தால் போதும். முதல் நிலையான ‘ரெஸ்ட்ரிக்டட்’ உரிமத்துக்கு அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும்தான் பாடம், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மலைப்பாக இருக்காது. அடுத்த நிலையான ‘ஜெனரல்’ வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் குறியீடும் பழக வேண்டும். முதல் நிலைக்காரரின் அழைப்புக்குறி வி.யு.3 என்றும், அடுத்த நிலைக்காரருடையது வி.யு.2 என்றும் தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.ஜி.

வாக்கிடாக்கி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே, முதலில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஹாம் அலைவரிசையில் பேசும் கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே சட்டப்படி தவறு. அலைவரிசை விவரமோ அனுமதியோ காட்டாமல் வாக்கிடாக்கி விற்ற இணைய விற்பனைத் தளங்களுக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் நோட்டீஸ் அனுப்பியது.

எங்கள் பட்டறை செக்யூரிட்டிக்கு ஹாம் செட்டைப் பயன்படுத்தலாமா?

கூடாது. தொழில், வியாபாரப் பேச்சுக்கு ஹாம் அலைவரிசையில் இடமே இல்லை.

வீட்டில் நிலையம் அமைக்க லட்சக்கணக்கில் ஆகுமாமே?

ஜப்பான் செட் வாங்கித்தான் தீருவேன் என்றால் ஆகும். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ செட்டைப் பாருங்கள். நம்மூர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் உதிரிபாகங்களை வைத்தே கட்டும்படி திட்டமிடப்பட்டது. காயில் சுற்றத் தண்ணீர்க் குழாய் வாஷரைப் பயன்படுத்தியவர் அவர். உலகெங்கும் ஹாம்கள் அதைக் கட்டிப் பேசியிருக்கிறார்கள். சில வாட் சக்திதான், ஆனாலும் ஆன்டெனா சரியாக இருந்தால் பல நூறு கிலோமீட்டர் போகும்.

ஆன்டெனாவுக்குச் செலவு இன்னும் குறைவு. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் வயரிங் ஒயர். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராகப் பிரித்து, மொட்டைமாடிக் கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கூடாரம்போல இறக்குங்கள். நடுவில் கோஆக்ஸ் கேபிள், அவ்வளவுதான். மின்கம்பி இருக்கும் பக்கம் மட்டும் இழுக்காதீர்கள். இடி மழைக்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

ஓசூரில் காசைவிடப் பெரிய தலைவலி இரைச்சல். சிப்காட் பக்கம் மோட்டார் டிரைவ், வெல்டிங் மெஷின். வீட்டுக்குள் மலிவு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர். இவை எல்லாம் சேர்ந்து ரேடியோவில் ‘கர்ர்’ என்று இரையும். மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பேட்டரி ரேடியோவோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. போகவில்லையென்றால், ஒயரைத் தெருவிலிருந்து தள்ளி, தோட்டத்துப் பக்கம் மாற்றிப் பார்க்கலாம்.

ஓசூரில் கேட்பது கிருஷ்ணகிரியில் கேட்குமா?

கைச்செட்டில் சிரமம். 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய பார்வைக் கோட்டில் போவது. ஓசூர் பெங்களூரின் மேட்டுநிலத்திலேயே, சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரை மீட்டர் கம்பி ஆன்டெனாவை மாடியில் வைத்தாலே அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் பெங்களூர் ரிப்பீட்டரை எட்ட வாய்ப்புண்டு. கிருஷ்ணகிரி கீழே இறங்கிக் கிடக்கிறது, சுற்றிலும் மலை. அங்கிருப்பவர் மேலே சொன்ன 7 மெகாஹெர்ட்ஸ் ஒயரையே நம்பலாம். அந்த அலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குவதால் மலை ஒரு பொருட்டில்லை. பகலில் சென்னையும் ஐதராபாத்தும் கேட்கும்.

செல்போன் காலத்தில் இதெல்லாம் எதற்கு?

2004 டிசம்பரில் ஹாம் குழுவோடு அந்தமான் போயிருந்தார் ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத். சுனாமியில் தொலைபேசி செத்தபோது, போர்ட் பிளேரிலிருந்து வெளியே சேதி சொன்னது அவர்களுடைய செட்டுகள்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

கேட்பதிலிருந்து. இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கும், மென்பொருள்வழி இயங்கும் எஸ்.டி.ஆர். ரிசீவர்களில் ஹாம்கள் பேசுவதைச் செலவில்லாமல் கேட்கலாம். ஒரு மாதம் கேளுங்கள். ஆர்வம் மிஞ்சியிருந்தால், செட்டுக்கு எடுத்துவைத்த பணத்தைத் தொடாமல் முதலில் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள்.