மண்ணுக்குள் வீடு: வெயில் வந்து சேர மூணு மாசம்

இந்த எபிசோடுக்கான யோசனை என் வீட்டு சீலிங்கைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ வந்தது. நான் குடியிருக்கிறது மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாசம், ராத்திரி பத்து மணி. வெளியே காத்து கொஞ்சம் குளிர்ந்திருக்கும், ஆனா உள்ளே சீலிங் அனலடிக்கும். மதியம் விழுந்த வெயில் கான்கிரீட் தளத்தைக் கடந்து உள்ளே வரச் சில மணி நேரம் எடுத்துக்குது. எங்க சாஃப்ட்வேர் பாஷையில் இதுக்குப் பேர் லேட்டன்சி. அதாவது தாமதம். சரியா நான் தூங்கப் போற நேரத்துக்கு டெலிவரி ஆகுது!

அப்போ ஒரு கேள்வி. அந்தத் தாமதம் சில மணி நேரமா இல்லாம, மூணு மாசமா இருந்தா? மண்ணுக்கு அடியில் வீடு கட்டுறவங்க ரகசியம் இதுதான்.

நிறைய பேர் மண் வெப்பத்தைத் தடுக்குதுன்னு நினைக்கிறாங்க. அது சரியில்லை. அதே தடிமனுக்கு ஒப்பிட்டால் மண்ணைவிட தெர்மோகோல் பல மடங்கு நல்ல தடுப்பு. மண்ணின் பலம் வேற. அது நிறைய வெப்பத்தை உள்வாங்கி, ரொம்ப மெதுவாக் கீழே கடத்தும். அரை மீட்டர் தோண்டினாலே பகல், இரவு வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். நாலஞ்சு மீட்டர் போனால் கோடைக்கால வெப்பம் அங்கே வந்து சேர மூணு, நாலு மாசம் ஆகும். வரும்போது அதன் ஏற்ற இறக்கமும் சுமார் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அதற்கும் கீழே போகப் போக, வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. அது என்ன வெப்பநிலை? அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல் ஊர், தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் கூபர் பீடி. அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர், சுத்திலும் பாலைவனம். 1915-ல் தங்கம் தேடி வந்த ஒரு குழுவில் இருந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன், அங்கே ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். பின்னாடியே சுரங்கம் தோண்டுறவங்க வந்தாங்க. அவங்களில் முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களும் உண்டு. பதுங்குகுழியில் வாழ்ந்து பழகியவர்கள், தோண்டின குழியிலேயே குடியேறினாங்க. இன்றைக்கும் ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் வசிப்பது தரைக்குக் கீழேதான். வெளியே கோடையில் 45 டிகிரியைத் தாண்டும். உள்ளே வருஷம் முழுக்க 23, 24 டிகிரி. ஏசி தேவையில்லை. மேலே நடந்து போனால் தரையிலிருந்து நீட்டிக்கிட்டிருக்கும் காற்றுக் குழாய்கள்தான் தெரியும், அதுக்குக் கீழே சமையலறை, படுக்கையறை, ஏன், சர்ச்கூட இருக்கு.

இங்கே மூணு விஷயம் ஒண்ணா அமைஞ்சிருக்கு. ஆண்டுச் சராசரி மனுஷனுக்கு இதமானது. பாறை, தோண்டுற அளவுக்கு மென்மையான மணற்கல், ஆனா தூண் இல்லாமலேயே கூரையாய் நிற்கும். மழை ரொம்பக் குறைவு. இந்த மூணில் ஒண்ணு மாறினால் என்ன ஆகும்னு பார்க்க, சீனாவுக்குப் போவோம்.

சீனாவின் வடமேற்கில் லோயஸ் பீடபூமி. காற்று லட்சக்கணக்கான வருஷங்களாக அள்ளிக்கொண்டு வந்து குவித்த மஞ்சள் வண்டல். சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழம். அந்த மண்ணைக் குடைந்து அமைத்த வீடுகளுக்கு யாவ்தோங் என்று பெயர். கோடிக்கணக்கான மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் இவை. மாவோ யான்ஆனில் தங்கியிருந்ததும் இப்படியான வீடுகளில்தான்.

ஆனால் அங்கே ஆண்டுச் சராசரி 10 டிகிரி அளவில்தான் இருக்கும். மண் மட்டும் இருந்தால் நடுங்க வேண்டியதுதான். அதனால் அவங்க காங் என்ற செங்கல் மேடையைக் கட்டினாங்க. அடுப்புப் புகை அந்த மேடைக்கு உள்ளே போய்ச் சுற்றி வெளியேறும். சமைச்ச சூட்டிலேயே படுக்கையும் சூடாகிவிடும். வாசலையும் ஜன்னலையும் முடிந்தவரை தெற்குப் பார்த்து வச்சாங்க, குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் உள்ளே வரணும்னு. கூரையை வளைவாகக் குடைந்தாங்க, ஏன்னா மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைவில் எடை முழுக்க அழுத்தமாகவே பக்கச் சுவருக்கு இறங்கும்.

இவ்வளவு யோசித்துக் கட்டியும், 1556 ஜனவரி 23 அன்று ஷான்ஷியில் நிலநடுக்கம் வந்தது. சுமார் 8 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்ததாகச் சீனப் பதிவுகள் சொல்கின்றன. மனித வரலாற்றில் பதிவான நிலநடுக்கங்களிலேயே மிக அதிக உயிரிழப்பு இதுதான் என்கிறார்கள். பலியானவர்களில் ரொம்பப் பேர் யாவ்தோங்கில் இருந்தவர்கள். பக்கவாட்டில் குலுங்கும்போது வளைவின் கணக்கு பொய்த்துப்போகும். குளிரிலிருந்து காப்பாற்றிய அதே மண்தான் அவங்க மேல சரிந்தது.

இதைப் படிச்ச அன்னைக்கு, கையில் இருந்த ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எழுதினேன். முதலில் நான் எழுதியிருந்தது வெறும் "ஆஹா, இயற்கை ஏசி" கதை.

கடைசி ஊர், துனிசியாவின் தெற்கே மத்மாதா. அமாசிக் மக்கள் ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குக் கிணறு மாதிரி ஒரு முற்றத்தைத் தோண்டி, அதன் சுவர்களில் அறைகளைக் குடைவார்கள். ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் லூக் ஸ்கைவாக்கர் வளர்ந்த வீட்டைப் பார்த்திருப்பீங்க, அது இங்கேதான் படமானது. இங்கே பிரச்சினை நிலநடுக்கம் இல்லை, தண்ணீர். 1969-ல் துனிசியாவில் விடாமல் பெய்த மழையில் பல வீடுகள் சேதமாகின. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கிற மண், ஊறினால் வலுவிழந்துவிடும். அரசு சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிப் புது மத்மாதாவை அமைத்து, தரைக்கு மேலே வீடு கட்டிக் கொடுத்தது. பலர் போனார்கள். சிலர் இன்னும் குழி வீட்டிலேயே இருக்கிறார்கள்.

"அப்போ சென்னையில் ஒண்ணு தோண்டலாமா ப்ரோ?"ன்னு நீங்க கேக்கிறது காதில் விழுது. முதலில் சொன்ன வரிக்கு வாங்க. சென்னையின் ஆண்டுச் சராசரி 28, 29 டிகிரி. மே மாசத்துக்கு அது கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான். ஆனா நம்ம காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். இதோட பல இடங்களில் நிலத்தடி நீர் வேற மேலேயே இருக்கு. மழைக்காலத்தில் அது வீடா இருக்காது, கிணறாத்தான் இருக்கும்.

ஆக, மண் வீட்டைப் பற்றி அடுத்த தடவை அழகான வீடியோ ஒண்ணு கண்ணில் பட்டால் நாலு கேள்வி கேளுங்க. ஊரின் சராசரி வெப்பம் எவ்வளவு? எந்த மண்? தண்ணீர் எங்கே போகும்? நிலம் ஆடுமா? இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சவங்கதான் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்திருக்காங்க. தெரிஞ்சும் சில நேரம் தோத்திருக்காங்க.

இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு உங்க சுவரைத் தொட்டுப் பாருங்க. எந்தத் திசைச் சுவர் சூடா இருக்குன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.