பில்லர் மட்டும் போதுமா? நிலநடுக்கத்தில் செங்கல் சுவரின் பங்கு

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் வீதிகளைச் சுற்றி வந்தால் ஒரே மாதிரியான கட்டடங்களை அதிகம் பார்க்கிறோம். கீழே வண்டி நிறுத்துமிடம் அல்லது கடை. மேலே இரண்டு, மூன்று மாடி வீடுகள். இடத்தை மிச்சப்படுத்தும் இந்த அமைப்பில் ஓர் ஆபத்து ஒளிந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

2001 ஜனவரி 26 அன்று காலை குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. அவற்றில் பல, தரைத்தளத்தில் சுவர் இல்லாமல் பில்லர்கள் மேல் மட்டும் நின்றவை.

காரணம் என்ன?

பில்லரும் பீமும்தான் எடையைத் தாங்குகின்றன, இடையில் கட்டும் செங்கல் சுவர் வெறும் தடுப்பு என்றே நாம் நினைக்கிறோம். பூமி அசையும்போது அந்தச் சுவர் சும்மா இருப்பதில்லை. சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்து, மாடி பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. எல்லாத் தளத்திலும் சுவர்கள் சீராக இருந்தால் இது கட்டடத்துக்கு நன்மையே.

மேலே சுவர், கீழே வெற்றிடம் என்றால் நிலைமை மாறுகிறது. மேல் மாடிகள் ஒரே பெட்டி போல இறுகி நிற்க, ஆட்டம் முழுவதும் தரைத்தள பில்லர்கள் மீது விழுகிறது. அவை வளைந்து உடைந்தால் மேலே உள்ள அனைத்தும் இறங்கிவிடும்.

மூலை மனைக் கடைகளில் இன்னொரு சிக்கல். இரண்டு பக்கம் முழுச் சுவர், சாலையைப் பார்த்த இரண்டு பக்கம் ஷட்டர் என்றால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். ஜன்னலுக்காகப் பாதி உயரம் வரை மட்டும் சுவர் எழுப்பினால், பில்லரின் மீதிக் குட்டைப் பகுதி முழு விசையையும் வாங்கி வெடிக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

ஐ.எஸ். 1893 விதியின் 2002 பதிப்பு, இத்தகைய திறந்த தளத்தின் பில்லர்களையும் பீம்களையும் கணக்கிட்ட நிலநடுக்க விசையைப்போல் 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. 2016 பதிப்பு சுவர்களையும் சாய்வு முட்டுகளாகக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. எனவே வீடு கட்டும் முன், சுவர்கள் எங்கே வருகின்றன என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். வண்டி நிறுத்துமிடம் தேவையென்றால் தரைத்தளத்தில் சில இடங்களிலாவது கான்கிரீட் சுவர் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பீமுடன் சேருமிடத்தில் பில்லர் ரிங்குகள் நெருக்கமாகவும், அவற்றின் முனைகள் உள்நோக்கி மடக்கப்பட்டும் இருக்கின்றனவா என்பதைக் கான்கிரீட் போடும் முன் பாருங்கள். கட்டி முடித்த வீட்டில் கடைக்காகச் சுவரை இடிக்க மேஸ்திரியின் சொல் மட்டும் போதாது.

நம் பகுதியில் எப்போது நடக்கப் போகிறது என்று அலட்சியம் வேண்டாம். அதே 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரி கடற்கரைக்கு அப்பால் 5.5 அளவில் நில அதிர்வு ஏற்பட்டு, சென்னை வரை உணரப்பட்டது. வீடு கட்டும்போது எடுக்கும் சிறு கவனம், நம் பிள்ளைகள் உறங்கும் கூரைக்கான பாதுகாப்பு.