ஏசி லேபிளுக்குள் ஒளிந்திருக்கும் 1,600 மணி நேரம்

ஜனவரி 1, 2026 முதல் ஏசிகளுக்கான ஸ்டார் அளவுகோல் மாறியது. பழைய ஃபைவ் ஸ்டாரை டிசம்பருக்குள் வாங்கிவிடலாமா, புதியது வரட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்டு அதற்கு முன் வாசகர் கடிதங்கள் வந்தபடி இருந்தன. அவற்றில் பலவற்றின் கடைசியில் இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வந்தது: லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது, கோடை முடிவதற்குள்ளேயே அது தாண்டிவிட்டதே, மெஷினில் கோளாறா?

கோளாறு மெஷினில் இல்லை. லேபிளின் கணக்கு வேறு, வீட்டின் கணக்கு வேறு.

ஸ்டாரை முடிவு செய்வது ஐ.எஸ்.இ.இ.ஆர். எனும் எண். ஒரு பருவம் முழுக்க ஏசி அறையிலிருந்து அகற்றும் வெப்பத்தை, அதற்குச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் வருவது. இது இந்தியத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற அளவு என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். எந்த ஊரின் தட்பவெப்பம்? குறிப்பிட்டு எந்த ஊருடையதும் இல்லை. பல நகரங்களின் வானிலையைக் கலந்து எடுத்த சராசரி.

அந்தச் சராசரியின் அட்டவணையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளியே 24 டிகிரி இருக்கும்போது 146 மணி நேரம், 27 டிகிரியில் 183, 35-ல் 46, 40-ல் 12, 43-ல் வெறும் 3. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,600 மணி நேரம். இதில் 24 முதல் 29 டிகிரி வரை மட்டுமே 986 மணி நேரம் போய்விடுகிறது. 40 டிகிரிக்கும் அதற்கு மேலும் ஒதுக்கியிருப்பது மொத்தம் 30 மணி நேரம். வேலூரிலோ கரூர் பரமத்தியிலோ அக்னி நட்சத்திரத்தைக் கடந்தவர்களுக்கு அது சில நாள் வெயில்.

அடுத்த அனுமானம் இதைவிட முக்கியமானது. வெளியே 23 டிகிரி என்றால் அறைக்குக் குளிர்ச்சியே தேவையில்லை, 35 டிகிரி என்றால் ஏசியின் முழுத் திறனும் தேவை என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போடுகிறார்கள். 29 டிகிரியில் சரியாகப் பாதித் திறன் போதும் என்று ஆகிறது. அதாவது, 1,600-ல் 986 மணி நேரம் ஏசி பாதிச் சுமையிலோ அதற்கும் குறைவாகவோ ஓடுகிறது. இன்வர்ட்டர் கம்ப்ரஸர் மிகச் சிக்கனமாக ஓடும் இடம் அதுதான். வேகத்தைக் குறைத்து ஓட முடிகிற மெஷினுக்கு அதற்குரிய மதிப்பைக் கொடுத்த வகையில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. பழைய முறை ஏசியை முழு வேகத்தில் மட்டுமே சோதித்தது. இன்வர்ட்டரின் அருமை அதில் தெரியவே இல்லை. 2018 முதல் எல்லா அறை ஏசிகளுக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். கட்டாயமானது.

ஆனால் இந்த நேர்கோட்டுக்குக் கான்கிரீட் கூரை தெரியாது. மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் படுக்கையறையில் இரவு பத்து மணிக்குக் கூரையைத் தொட்டால் கை சுடும். வெளியே 29 டிகிரிதான். ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் உள்ளே அனலைக் கக்கிக்கொண்டிருக்கிறது. பாதி வேகத்தில் ஓட வேண்டிய கம்ப்ரஸர் நள்ளிரவு தாண்டியும் முழு மூச்சாக ஓடும். ஐ.எஸ்.இ.இ.ஆர். 5 என்று எழுதிய பெட்டியும் முழு வேகத்தில் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவேதான் நிற்கும். அறைக்குச் சின்னதான ஏசியை மாட்டினாலும், 18 டிகிரியில் வைத்தாலும் இதே கதி. கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: சோதனைக்கூட அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே, சென்னை, தூத்துக்குடிப் புழுக்கத்தில் அந்த ஈரத்தை இறக்கவே மின்சாரம் போகிறது.

ஆகவே ஸ்டார் பொய் இல்லை. இரண்டு மெஷின்களை ஒப்பிட அது உதவும், பில்லைக் கணிக்க உதவாது. முழு வேகத் திறனையும் அதே அளவு எழுத்தில் லேபிளில் அச்சிட வேண்டும். அதைச் செய்யாதவரை, லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட்டை 1,600-ஆல் வகுத்து, வீட்டில் ஓடும் மணி நேரத்தால் பெருக்கிப் பார்ப்பதே நல்லது. லேபிளில் 800 யூனிட் என்றால் மணிக்கு அரை யூனிட். மார்ச் முதல் செப்டம்பர் வரை இரவுக்கு எட்டு மணி நேரம் போட்டாலே 1,700 மணி நேரத்தைத் தாண்டிவிடும். கூரைச் சூடு, புழுக்கம் எல்லாம் அதற்கு மேல்.

ஸ்டாரோடு ஆண்டையும் பார்க்க வேண்டும். 2018 அளவுகோலில் ஸ்ப்ளிட் ஏசிக்கு 4.50 இருந்தாலே ஃபைவ் ஸ்டார். ஜூலை 2022-ல் அது 5.00 ஆனது, 4.50 ஃபோர் ஸ்டாருக்கு இறங்கியது. 2026 ஜனவரியிலும் அதே கதைதான்: விளிம்பில் நின்ற ஃபைவ் ஸ்டார் ஒரு படி இறங்கியது, மெஷின் மாறவில்லை. எனவே பழைய ஸ்டாரா புதிய ஸ்டாரா என்பதைவிட, கடைக்காரரிடம் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணைக் கேட்டு, அதற்கு எவ்வளவு விலை என்று பார்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

மற்ற கேள்விகள்:

த்ரீ ஸ்டார் போதுமா? விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறைக்குப் போதும்.

பில்லில் எப்போது வித்தியாசம் தெரியும்? தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில். தாண்டினால் கீழ் அடுக்கு ஒன்றின் விலையும் ஏறுகிறது.

24 டிகிரி கட்டாயமா? இல்லை. 2020 முதல் ஏசி அந்த அளவில் தொடங்க வேண்டும், அவ்வளவே, ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டாரை யார் சோதிக்கிறார்கள்? கம்பெனி கொடுக்கும் ஆய்வக அறிக்கையை வைத்து அனுமதி; பிறகு சந்தையிலிருந்து மாதிரிகள் எடுத்துப் பணியகம் சரிபார்க்கும்.

குளியலறை ஹீட்டரின் ஸ்டார்? காய்ந்த நீரின் சூடு தொட்டியிலிருந்து எவ்வளவு கசிகிறது என்பதற்கான மதிப்பெண் அது. குளிக்கும் முன் போட்டு உடனே அணைப்பவருக்கு அதனால் லாபம் சொற்பம்.